வழியுரிமை

எட்டடிக்கு ஆறடிக் கண்ணாடியைப் படுக்கவைத்துத் தூக்க முடியாது. நடுவில் தொய்ந்து, தன் பாரத்தாலேயே இரண்டாகிவிடும். நிறுத்தித்தான் தூக்க வேண்டும். முன்னால் ஓர் ஆள், பின்னால் ஓர் ஆள். இருவருக்கும் ஒரு கை அடியில், ஒரு கை விளிம்பில். முன்னால் போகிறவர் எப்படி நடக்கிறாரோ அப்படியே பின்னால் வருகிறவரும் நடக்க வேண்டும். தும்மல் வந்தால் அடக்க வேண்டும். கொசு கடித்தால் கடிக்க விட வேண்டும். கல்யாணமாகி வந்த முதல் மாதத்திலேயே இதெல்லாம் அவளுக்குப் பழகிவிட்டது. வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ள வசதியில்லாத காலம். பின்கை அவள்தான்.

கணவர் கண்ணாடிக்காரர் என்பதால் தெருவுக்கு அவள் கண்ணாடியக்கா. பள்ளிப் படிப்பை முடித்தவள். கையில் கிடைப்பதையெல்லாம் படிப்பாள். ஷீட்டுகளுக்கு நடுவே வைத்து வரும் பழைய செய்தித்தாளைக்கூட உருவி எடுத்து, தேதி பார்க்காமல் படித்து முடித்துவிட்டுத்தான் கீழே போடுவாள். "உலகத்துக்கு நேத்து நடந்தது உனக்கு அடுத்த மாசம்தான் நடக்கும்" என்று அவர் சிரிப்பார்.

வீடு குறுகல். வாசலிலிருந்து அடுப்படிவரை ஒரு நடை, அங்கே சட்டென்று இடப்பக்கம் ஒரு திருப்பம், பிறகு பின்வாசல், அதைத் தாண்டித் தகரக் கொட்டகை. வெட்டும் மேசை, மரச்சட்டங்கள், சாய்த்து அடுக்கிய ஷீட்டுகள் எல்லாம் கொட்டகையில்தான். அடுப்படித் திருப்பத்தில் ஒரு கட்டில் திரும்பாது. அவர்களுடைய கட்டிலையே கழற்றிக் கொண்டுபோய் உள்ளே பூட்டினார்கள். கண்ணாடியைக் கழற்றிப் பூட்ட முடியுமா? அதனால் ஷீட்டுகள் எப்போதும் பக்கத்து வீட்டு முற்றம் வழியாகத்தான் போகும், வரும்.

பக்கத்து வீடு தையல்காரருடையது. தெருவைப் பார்த்து அகலமான ஓர் இரும்புக் கதவு. உள்ளே சிமெண்டுத் தரை, ஒரு குழாய், குறுக்கே துணிக்கொடி. கடைசியில், இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவரில், கொட்டகைக்குள் திறக்கும் ஒரு தகரக் கதவு. இவர்கள் குடிவரும்போதே அந்தத் தகரக் கதவு இருந்தது. யார் வைத்தது, எதற்கு வைத்தது என்று யாருக்கும் தெரியாது.

இரும்புக் கதவுக்குப் பூட்டு உண்டு. சாவி தையல்காரர் வீட்டில். காலையில் டீ குடித்ததும் கண்ணாடிக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலில் போய் நிற்பார்.

"அண்ணே, சாவி."

"வந்துட்டாரு பெரிய மனுஷன். ஏன்யா, இதை ஒரு ஆணியில மாட்டி உன் வீட்டுலயே வச்சுக்கயேன். நான் கொஞ்சம் கூடத் தூங்குவேன்ல?"

"வச்சுக்கிட்டா அப்புறம் உங்க மூஞ்சிய எங்க பாக்கறது?"

"பாக்காட்டி உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது. இந்தா."

சாயங்காலம் கடைசி வேலை முடிந்ததும் பூட்டிவிட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் கைகால் கழுவுவார். தையல்காரர் இறந்த பிறகும் இது நிற்கவில்லை. "அண்ணி, சாவி" என்பார். தையல்காரரம்மாவுக்கு வாய் நீளம். "அந்த ஆணியில தொங்குது பாரு, எடுத்துட்டுப் போ. சும்மா சும்மா என்னை எழுப்பிக்கிட்டு" என்பார். இவர் எடுக்க மாட்டார். அந்த அம்மா முனகிக்கொண்டே எழுந்து, எடுத்து, கையில் கொடுக்கும்வரை வாசலிலேயே நிற்பார்.

ஒரு தடவை கண்ணாடியக்கா கேட்டாள். "அவங்கதான் இத்தனை தடவை சொல்றாங்களே. எடுத்துக்கிட்டா என்னங்க?"

"அவங்க கையால குடுத்தா அது அவங்க குடுத்தது. நானா எடுத்தா அது நான் எடுத்தது" என்றார். வெட்டும் சக்கரத்தை மண்ணெண்ணெயில் தோய்த்து, அளவுகோலை ஒட்டி ஒரே மூச்சில் கோடு இழுத்தார். பட்டுத் துணி கிழிவதுபோல் ஒரு சத்தம். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கோடு போடும்போது அவரிடம் யாரும் பேசக்கூடாது.

ஒரே மகள். சட்டக் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து அவர் அவளை ஜட்ஜம்மா என்றுதான் கூப்பிட்டார். சாயங்காலம் மேசையைத் துடைத்துவிட்டு மூன்று பேரும் கொட்டகையிலேயே உட்காருவார்கள். கண்ணாடியக்கா மகளுடைய சொத்துச் சட்டப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பாள். மகள் ரொட்டியை டீயில் நனைத்துக்கொண்டே பதில் சொல்வாள்.

"கையில வச்சிருக்கறதும் சொந்தமா வச்சிருக்கறதும் ஒண்ணா?"

"இல்லை. குடக்கூலிக்கு இருக்கறவன் கையில வச்சிருக்கான். சொந்தக்காரன் வேற."

"நிலத்தோட ஒட்டினது?"

"நிலத்தைச் சேர்ந்தது."

கண்ணாடிக்காரர் மரச்சட்டத்தை இழைத்துக்கொண்டே காதைக் கொடுப்பார். "ஒரு நிமிஷம், ஜட்ஜம்மா. அப்ப நான் ஒரு வீட்டு ஜன்னல்ல பதிச்ச கண்ணாடி?"

"வீட்டுக்காரருக்கு."

"வீட்டுக்காரன் காசே குடுக்கலை."

"அப்பவும் கண்ணாடி அவருக்குத்தான்பா. நீங்க போய்ப் பேத்து எடுக்கக் கூடாது. வழக்குப் போடணும்."

"அதுக்கு வக்கீலுக்கு யாரு குடுப்பா?"

"நீங்கதான்."

"இந்தப் படிப்பை யாரு கண்டுபிடிச்சாங்க" என்று மனைவியைப் பார்ப்பார். "கண்டிப்பா ஒரு வக்கீலாத்தான் இருக்கணும்."

அடுத்தவர் நிலத்தில் வழியுரிமை என்ற பாடம் வந்தபோது அவர் இல்லை.

மழைக்காலம். ஈரக் கை கண்ணாடியில் வழுக்கும் என்பதால் அன்று இரண்டு கையிலும் துணி சுற்றியிருந்தார். ஒரு கடைக்குப் பெரிய ஷீட். பின்கை நெட்டையன். நெட்டையன் சில வருஷங்களாக அவரோடு வேலை செய்கிறவன். கூரையில் ஒட்டடை அடிக்கக் கம்பு வேண்டாம் என்பார்கள். முற்றத்தின் நடுவில் கண்ணாடிக்காரர் நின்றுவிட்டார். நெட்டையனும் நின்றான். "சுவத்துக்கு" என்று மட்டும் சொன்னார். இருவரும் பக்கவாட்டில் நகர்ந்து, கட்டைகள்மேல் ஷீட்டை இறக்கி, சுவரில் சாய்த்தார்கள். சரிவு சரியாக இருக்கிறதா என்று அவர் விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகுதான் தரையில் உட்கார்ந்தார். கண்ணாடியக்கா ஓடி வந்தபோது குழாயடி ஈரத்தில் தையல்காரரம்மா அவர் தலையை மடியில் தாங்கிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே முடிந்துவிட்டது.

அந்த ஷீட்டை எடுக்க வந்த கடைக்காரர் அதைக் கையால் தடவிப் பார்த்தார். "இதுல ஒரு கீறல்கூட இல்லையேம்மா" என்றார்.

நாலாம் நாள் கண்ணாடியக்கா கொட்டகையைத் திறந்தாள். வேறென்ன செய்ய? கோடு போடத் தெரியும், ஒடிக்கத் தெரியும், மரச்சட்டத்தில் கண்ணாடி அசையாமலிருக்கப் பட்டி வைக்கத் தெரியும். முன்கை மட்டும்தான் அதுவரை அவள் பிடித்ததில்லை. நெட்டையன் பின்னால் வர, அவள் முன்னால் நடந்தாள். முதல் தடவை முற்றத்தைக் கடந்து முடித்ததும் நெட்டையன், "அக்கா, அண்ணனைவிட வேகமாப் போறீங்க" என்றான். சொன்ன பிறகு அவனே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சாவி கேட்கவும் அவளே போனாள். "அக்கா, சாவி."

தையல்காரரம்மா ஒன்றும் முனகவில்லை. எழுந்து எடுத்துக் கொடுத்தார். கொடுத்த கையை உடனே இழுத்துக்கொள்ளவில்லை.

குளிர்காலம் முடியுமுன் அந்த அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். வெளியூரிலிருந்து மகன் வந்து, காரின் பின் சீட்டில் படுக்கவைத்துக் கூட்டிப்போனான். சின்ன வயதிலேயே விடுதியில் சேர்ந்து படித்து, அப்படியே வேலைக்குப் போனவன். தெருவில் பாதிப் பேருக்கு அவன் முகம் தெரியாது. போன சில வாரங்களில் அவனே திரும்பி வந்தான், ஒரு லாரிச் செங்கல்லோடு. இரும்புக் கதவில் புதுப் பூட்டு.

"முற்றத்துல ரெண்டு ரூம் போட்டு வாடகைக்கு விடப் போறேன்" என்றான். மரியாதையாகத்தான் பேசினான். "அந்தத் தகரக் கதவு இருக்கற இடத்துல சுவர் வந்துரும். நீங்க உங்க வீட்டு வழியா வச்சுக்கங்க."

"தம்பி, எங்க வீட்டு வழியாக் கண்ணாடி திரும்பாதுப்பா. வந்து பாரு."

"சின்னதா வாங்கிக்கங்க."

"ஷீட்டு சின்னதா வராது. பெருசா வாங்கித்தான் சின்னதா வெட்டுவோம்."

"எனக்கு இந்தத் தொழில் தெரியாதுங்க. இடம் எங்களோடது. அம்மா கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்க."

வீடு தையல்காரரம்மா பெயரில்தான் இருந்தது. அப்படியென்றால் அக்காவே சொல்லித்தான் இதெல்லாம். நெட்டையன் கொத்தனாரோடு சண்டைக்குப் போகப் பார்த்தான். அவள் இழுத்து நிறுத்தினாள். கொட்டகையில் அரை மாத வேலைக்குத்தான் ஷீட் இருந்தது. அதோடு சரி. தொழில் போனால் மகள் படிப்பும் போகும், நெட்டையன் வீட்டில் அடுப்பும் அணையும்.

மகள் பயிற்சிக்குப் போகும் அலுவலகத்தின் வக்கீலம்மா வழக்கை எடுத்துக்கொண்டார். மேசை நிறையக் கட்டுகள், கட்டுகளின்மேல் ஆறிப்போன டீ. பேசும்போதே வேறொரு கோப்பில் கையெழுத்துப் போடுவார்.

"எத்தனை வருஷமாப் போறீங்க?"

"கல்யாணமான நாள்லேருந்து. எம் பொண்ணுக்கே இருபத்திரண்டு ஆகுது."

"இருபது போதும். வெளிப்படையாப் போனீங்களா? ராத்திரி ஒளிஞ்சு மறைஞ்சு இல்லையே?"

"எட்டடிக் கண்ணாடியை எப்படிம்மா ஒளிச்சுக் கொண்டுபோறது?"

வக்கீலம்மா முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "சண்டை சச்சரவு?"

"ஒரு நாளும் கிடையாது."

"நல்லது. அனுமதி கேட்டாரா?"

"தினமும் கேப்பாரு. காலையில சாவி வாங்கி, சாயங்காலம்..."

மகள் அவள் முழங்கையைப் பிடித்தாள். வக்கீலம்மா பேனாவை மூடி வைத்தார்.

"இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லை. ஏம்மா?"

"சொல்லாதீங்க. அந்த வீட்டு ஆளுங்ககிட்ட இனிமே பேசவும் வேண்டாம். முக்கியமா, வழி விடுங்கன்னு போய்க் கேட்டுராதீங்க. கேட்டாலே உங்களுக்கு உரிமை இல்லைன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி."

அன்று சாயங்காலம் கொட்டகையில் மகள் புத்தகத்தை விரித்து வைத்தாள். இந்தத் தடவையும் கேள்வி கேட்டது அம்மாதான். ஆனால் பரீட்சைக்காக இல்லை.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லு. கேட்டுட்டுப் போனா என்ன தப்பு?"

"தப்பு இல்லைம்மா. கேட்டுட்டுப் போனா அது அனுமதி. அனுமதியை எப்ப வேணா திருப்பி வாங்கிக்கலாம். நூறு வருஷம் போனாலும் அது அனுமதியாவேதான் இருக்கும், உரிமையா ஆகாது. கேக்காம, என்னோடதுன்னு நினைச்சு, இருபது வருஷம் போனாத்தான் உரிமை."

"அப்ப உங்கப்பா அந்த மனுஷன்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம, திறந்த வீட்டுல எதுவோ நுழையற மாதிரி நுழைஞ்சிருந்தா?"

"ஜெயிச்சிருப்போம்."

"நல்லா இருக்கு உங்க சட்டம்."

"அம்மா, அதுக்கும் ஒரு காரணம் இருக்கு. பக்கத்து வீட்டுக்காரன் நல்ல மனசோட வழி விட்டான்னு அவன் இடத்தையே புடுங்கிக்கிட்டா, அப்புறம் எவனும் எவனுக்கும் வழி விட மாட்டான்ல? குடுக்கறவனைக் காப்பாத்தறதுக்குத்தான் அது."

கண்ணாடியக்கா யோசித்தாள். அதிலும் ஒரு நியாயம் இருப்பதாகத்தான் பட்டது. "அப்ப அந்த நியாயப்படி நமக்கு வழி இல்லை."

மகள் மேசையிலிருந்து பட்டி உருண்டை ஒன்றை எடுத்து விரலால் நசுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "சாவி விஷயம் தெரிஞ்சவங்க நாம ரெண்டு பேரு, நெட்டையண்ணன், பக்கத்து வீட்டுப் பெரியம்மா. அவ்வளவுதான். அந்த மகனுக்குத் தெரியாது. அவரு இங்க இருந்ததே இல்லை."

"பெரியம்மா சொல்லிட்டா?"

"சொன்னா போச்சு."

"பொய் சொல்லச் சொல்றியா, ஜட்ஜம்மா?"

அவர் வைத்த பெயரை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. மகளுக்கு அழுகை வந்துவிட்டது. "நான் என்னம்மா பண்ண? இந்த மேசையை எங்க கொண்டுபோய்ப் போடறது? அப்பா நின்ன இடம் இது."

வழக்கு முடியும்வரை சுவர் எழுப்பக் கூடாது என்று நீதிமன்றம் தடை கொடுத்தது. கணுக்கால் உயரத்தில் ஒரு வரி செங்கல் அப்படியே நின்றது. புதுப் பூட்டு கழன்றது. இரும்புக் கதவு இரவும் பகலும் சாத்தியே கிடந்தது, பூட்டில்லாமல். ஷீட் வரும் நாளில் கண்ணாடியக்காவும் நெட்டையனும் அந்தச் செங்கல் வரியைக் காலால் தடவிப் பார்த்துத் தாண்டினார்கள். யாரிடமும் போய் நிற்க வேண்டியிருக்கவில்லை. பக்கத்து வீடு இருட்டிக் கிடந்தது.

ஒரு நாள் மத்தியானம் அவள் ஒரு ஷீட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கோட்டை முடித்துவிட்டுப் பார்த்தாள். 'தையலக்கா' என்றிருந்தது. அவர் பதிந்து வைத்த பெயர். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. வக்கீலம்மா சொன்னது காதில் நின்றது. அவள் இரண்டு கையையும் மேசையில் ஊன்றிக்கொண்டு, மேசை அதிர்வதைப் பார்த்தபடி நின்றாள். மூன்றாம் தடவை அடிக்கவில்லை.

கூண்டில் ஏறிய அன்று அவள் துவைத்து மடித்த சேலை கட்டியிருந்தாள். கைத் தழும்புகளை முந்தானையால் மூடிக்கொண்டாள். நீதிபதிக்குச் சளி பிடித்திருந்தது. அடிக்கடி மூக்கைச் சிந்திக்கொண்டார். பக்கத்து அறையில் யாரோ தட்டச்சு செய்யும் சத்தம். முதலில் வக்கீலம்மா கேட்டார். எல்லாம் சுலபமாக இருந்தது. பகலில் அந்த இரும்புக் கதவு திறந்தே இருக்குமா? இருக்கும். உங்கள் கணவர் எல்லாரும் பார்க்கத்தான் போனாரா? ஆமாம். ஒரு நாளாவது யாராவது தடுத்தார்களா? இல்லை. ஒன்றும் பொய்யில்லை. அவளுக்கே கொஞ்சம் தெம்பு வந்தது.

பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். இளைஞர்தான். அவர் கையிலும் பெரிதாக ஒன்றுமில்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

"உங்க கணவர் ரொம்ப மரியாதையான மனுஷர்னு தெருவுல சொல்றாங்களேம்மா?"

"ஆமா."

"அப்படிப்பட்டவர் அடுத்தவங்க வீட்டு முற்றத்துல நுழையறதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேட்டிருப்பாருல்ல?"

மகள் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியக்கா அவள் பக்கம் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள். உயரத்தில் ஒரு ஜன்னல், அதில் ஒரு கண்ணாடி விரிசல் விட்டு, காகிதம் ஒட்டியிருந்தது. யாரோ அளவு தெரியாமல் இறுக்கிப் பதித்த கண்ணாடி. வெயிலில் விரிய இடம் விடவில்லை.

"சொல்லுங்கம்மா" என்றார் நீதிபதி.

"இல்லை."

"என்ன இல்லை?"

"கேட்டதில்லை."

"யாரையும் மதிச்சுக் கேட்டதில்லையா? ஒரு நாளும்?"

"ஒரு நாளும் இல்லை. அவர் பாட்டுக்குப் போவாரு."

குமாஸ்தா அதை எழுதிக்கொண்டார். எழுதி முடிக்கும்வரை அவள் நின்றாள்.

தீர்ப்பு அடுத்த மழைக்கு முன்னால் வந்தது. ஜெயித்துவிட்டார்கள். மகன் சாட்சியத்தில் சொன்னது எதுவும் நிற்கவில்லை. ஊரிலேயே இல்லாதவன் பார்த்ததாகச் சொல்ல முடியாது. அவன் தாயாருக்கு உடல்நிலையும் நினைவும் சரியில்லை என்று அவர்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மகள் கொட்டகையில் நின்று நெட்டையனுக்குக் கேட்கும்படி படித்தாள். "'வாதியின் கணவர் எவருடைய அனுமதியையும் கோராமலும், எவருடைய விருப்பு வெறுப்பையும் பொருட்படுத்தாமலும், அம்முற்றத்தைத் தமக்குரிய வழியாகவே கருதி...'" நிறுத்தினாள்.

நெட்டையன் தலையைச் சொறிந்தான். "இது யாரைப் பத்தி?" என்றான்.

கண்ணாடியக்கா தாளை வாங்கி மடித்தாள். எதைக் கண்டாலும் கடைசி வரிவரை படிக்கிறவள் அதை மட்டும் படிக்கவில்லை.

குளிர் தொடங்கிய வாரத்தில் தையல்காரரம்மா திரும்பி வந்துவிட்டார். மகனுடைய மாடி வீட்டில் மூச்சு முட்டுகிறது, என் வீட்டிலேயே கிடக்கிறேன் என்று அடம் பிடித்தாராம். மகன் ஓர் ஆளைச் சமையலுக்கு வைத்துவிட்டுப் போனான். ஆள் பாதியாகியிருந்தார். காலை வெயிலுக்காக முற்றத்தின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், கைத்தடி மடியில்.

கண்ணாடியக்கா தகரக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். செங்கல் வரிக்கு இந்தப் பக்கமே நின்றாள்.

"அங்கயே ஏன்டி நிக்கறே? வா."

வந்தாள். தரையில் உட்கார்ந்தாள். அந்த அம்மா அவள் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "முன்கை நீதான் பிடிக்கறயா? விரலெல்லாம் அவனுது மாதிரியே ஆயிருச்சு."

"சாப்பிட்டீங்களாக்கா?"

"ஏதோ ஒரு முட்டையை அவிச்சுக் குடுத்தா. உப்பில்லை. சொன்னா, டாக்டர் சொன்னாருன்றா." கைத்தடியை மடியில் நேராக வைத்தார். "என் மகன் அந்தத் தீர்ப்பை எனக்குப் படிச்சுக் காட்டினான்."

கண்ணாடியக்கா தலை குனிந்தாள்.

"யாரையும் மதிக்காமப் போனானாமே. நம்ம ஆளு."

"அக்கா..."

"இருடி. நான் சொல்லி முடிச்சுர்றேன், மறந்துபோகும். என் மகன் என்கிட்ட கேட்டான். 'அம்மா, அவரு உங்ககிட்ட கேட்டுட்டுத்தான் போவாரா'ன்னு. வக்கீல் கேக்கச் சொன்னாராம். எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லைடான்னுட்டேன். இடுப்போட சேர்ந்து புத்தியும் முறிஞ்சுருச்சுன்னு அவன் நினைச்சுக்கிட்டான். எழுதியும் குடுத்துட்டான்."

"தெரிஞ்சேதான் சொன்னீங்களா?"

"பின்ன? தினம் காலையில தூக்கத்தைக் கெடுத்தவனை மறப்பேனா?"

"சுவர் வைக்கக் கையெழுத்துப் போட்டீங்கன்னு தம்பி சொல்லுச்சு. நீங்க சொல்லித்தான்னு நினைச்சேன்."

"ஆஸ்பத்திரிப் படுக்கையில பத்துத் தாளை நீட்டினான். எதுக்குன்னு கேட்டேனா? அப்புறம்தான் தெரிஞ்சுது. உடனே உனக்குப் போன் போட்டேன். நீ எடுக்கலை."

"எடுக்கலை."

"சரி, கோவம். வருவா, வந்து ஒரு வார்த்தை கேப்பான்னு உக்காந்திருந்தேன். வீடு என் பேருல. நீ வந்து கேட்டா அவன் கண்ணு முன்னாலயே எழுதிக் குடுத்துரலாம், தலைமுறைக்கும் வழி உனக்குன்னு. மாடியில அவன் வீட்டு ஜன்னல் பக்கமே கட்டிலைப் போடச் சொல்லி, கீழ யாரு வர்றாங்கன்னு பாத்துக்கிட்டே கிடந்தேன்."

"கேக்கக் கூடாதுன்னு சொன்னாங்கக்கா."

"யாரு?"

"சட்டத்துல. கேட்டா இல்லைன்னு ஆயிருமாம்."

தையல்காரரம்மா அதை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். கோபப்படுவார் என்று கண்ணாடியக்கா எதிர்பார்த்தாள். பட்டிருந்தால் தேவலை. அந்த அம்மா அவள் கையை மெல்ல விட்டார்.

தெருவில் ஏதோ வண்டி போனது. நெட்டையன் உள்ளே மரம் அறுக்கும் சத்தம் கேட்டது. கண்ணாடியக்கா எழுந்தாள். எதையாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும் போலிருந்தது.

"மதியம் பெரிய ஷீட்டு வருதுக்கா. பள்ளிக்கூடத்து ஜன்னலுக்கு."

"வரட்டும்."

"இப்படிக் கொண்டுபோகட்டுமா?"

கேட்ட பிறகுதான் தான் கேட்டது அவளுக்குத் தெரிந்தது. தையல்காரரம்மா நிமிர்ந்து பார்த்தார். பழைய வாய்த்துடுக்கு அந்த முகத்தில் வரப் பார்த்து, வராமலே போயிற்று.

"என்கிட்ட எதுக்குடி கேக்கறே? இனிமே நான் போன்னாலும் ஒண்ணுதான், போகாதேன்னாலும் ஒண்ணுதான். குடுக்கறதுக்கு என்கிட்ட என்ன இருக்கு?"

கைத்தடியை ஊன்றி எழுந்தார். "வழியில உக்காந்திருக்கேன் பாரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஒரு கையால் நாற்காலியைச் சுவர் ஓரமாக இழுக்கத் தொடங்கினார். கண்ணாடியக்கா பிடிக்கப் போனாள். அந்த அம்மா விடவில்லை. சுவரோரம் வரை தானே இழுத்துக்கொண்டுபோய்ப் போட்டு உட்கார்ந்தார். வெயில் அங்கே வரவில்லை.